துத்தநாக-அலுமினிய ஹைட்ராக்சைடு சாயத்தை உடைக்கிறதா, பிடித்து வைக்கிறதா?

கேள்வி இதுதான். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கும் ஒருவர், துத்தநாகமும் அலுமினியமும் 2:1 விகிதத்தில் சேர்த்து அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடு தயாரித்திருக்கிறார். லிட்டருக்கு 20 மில்லிகிராம் காங்கோ ரெட் என்ற சிவப்புச் சாயம் கரைத்த நீரில், லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் அந்தப் பொடியைப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் கலக்கினால் 95 சதவீத நிறம் போய்விடுகிறது. இது ஒளிவினையூக்கம்தானே, அதாவது ஒளியின் உதவியால் பொடி சாயத்தை உடைப்பதுதானே, இதைத் திருப்பூர் சாயக் கழிவுநீருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த விவரத்தை மட்டும் வைத்து இதை ஒளிவினையூக்கம் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் சாயம் உடையாமல் பொடியின் மேல் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கணிப்பு. திருப்பூரைப் பொறுத்தவரை, மொத்தக் கழிவுநீருக்கு இந்தப் பொருள் சரிவராது, ஆனால் அலசல் தண்ணீர் என்று ஒன்று தனியாக வருகிறதே, அதில் இதற்கு ஒரு வேலை இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்: இந்தப் பொருளின் அடுக்குகளுக்கு எதிர்மின் அயனிகள் மேல் இருக்கும் பிடிப்பு.

அந்தப் பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, அதாவது புரூசைட் என்ற கனிமம், தட்டையான தாள்களாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு தாளிலும் உலோக அயனியைச் சுற்றி ஆறு ஹைட்ராக்சைடுகள், தாளுக்கு மொத்தத்தில் மின்னூட்டம் இல்லை. இதில் இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட மெக்னீசியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அலுமினியத்தை வைத்தால், வைத்த இடத்திலெல்லாம் ஒரு நேர்மின்னூட்டம் மிச்சமாக நிற்கும். அதைச் சமன்செய்ய, தாள்களுக்கு நடுவே எதிர்மின் அயனிகளும் தண்ணீரும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இயற்கையில் கிடைக்கும் ஹைட்ரோடால்சைட் இதுதான், நடுவில் இருப்பது கார்பனேட். வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் மாத்திரையாகக்கூட இது விற்கிறது. மெக்னீசியத்துக்குப் பதில் துத்தநாகம், நிக்கல், கோபால்ட், தாமிரம், அலுமினியத்துக்குப் பதில் இரும்பு, குரோமியம் என்று மாற்றி மாற்றி வைக்கலாம், அந்த வசதிக்காகத்தான் உலகம் முழுக்க இதன் மேல் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். இந்த வகைப் பொருளின் ஒரு கிராம், சாதாரணமாக 2 முதல் 4 மில்லிசமான எடை (மின்னூட்டத்தை வைத்து எண்ணும் மில்லிமோல்) வரை எதிர்மின் அயனிகளை மாற்றிக்கொள்ளக் கூடியது. நடுவில் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். காங்கோ ரெட்டின் மூலக்கூறு எடை 697, அதில் இரண்டு சல்ஃபோனேட் குழுக்கள், அதாவது இரண்டு எதிர்மின்னூட்டம். அப்படியானால் ஒரு கிராம் பொடி காகிதக் கணக்குப்படி ஒன்றரை மில்லிமோல் சாயத்தை, கிட்டத்தட்ட ஒரு கிராம் சாயத்தைப் பிடிக்கலாம். நீங்கள் போட்டது 20 மில்லிகிராம், கொள்ளளவில் வெறும் 2 சதவீதம். உங்கள் பொடியில் நடுவே கார்பனேட்தான் இருக்கும், அது லேசில் வெளியேறாது என்பதால் உள்ளே எதுவும் போகாது என்றே வைத்துக்கொண்டாலும், வெளிப்பரப்பு ஒன்றே இந்த 20 மில்லிகிராமை வாங்கிக்கொள்ளும். ஆக நிறம் போவதற்கு ஒளியே தேவையில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம்.

இதைச் சரிபார்க்க முதல் கருவி உங்கள் கண். சோதனை முடிந்ததும் சென்ட்ரிஃப்யூஜ் குழாயின் அடியில் தங்கிய பொடியைப் பாருங்கள், அல்லது வடிதாளில் வடிகட்டிக் காயவிடுங்கள். போடும்போது சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்த பொடி இப்போது இளஞ்சிவப்பாகவோ செங்கல் நிறமாகவோ இருந்தால், சாயம் தண்ணீரிலிருந்து திடப்பொருளுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் குவெட் என்ற சின்னக் குழாயில் ஊற்றி, நிறத்தை அளக்கும் யூவி-விசிபிள் கருவியில் வைத்து 95 சதவீதம் என்று எழுதிவிட்டு, அடியில் கிடப்பதைச் சிங்க்கில் கொட்டிவிடுகிற பழக்கம் நிறைய லேப்களில் இருக்கிறது. விடை கிடந்ததே அந்த அடியில்தான்.

அடுத்து இருட்டுச் சோதனை. விளக்கைப் போடுவதற்கு முன் அரை மணி நேரம் இருட்டில் கலக்கினோம், சமநிலை வந்துவிட்டது என்று எல்லோரும் ஒரு வரி எழுதுகிறோம். வந்துவிட்டதா என்று யாராவது அளந்தார்களா? அடுக்குப் பொருளில் சாயம் மெதுவாக உள்ளே போகும், சில சாயங்களுக்குச் சமநிலை வரவே பல மணி நேரம் ஆகும். அதனால் விளக்குச் சோதனை எத்தனை நேரமோ, அரை மணியையும் சேர்த்து, அதே நேரத்துக்கு அலுமினியத் தாள் சுற்றிய இன்னொரு பீக்கரை முழு இருட்டில் பக்கத்திலேயே ஓட்டுங்கள். வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும், விளக்கு பீக்கரைச் சூடாக்கிவிட்டு இருட்டுப் பீக்கர் குளிர்ந்து கிடந்தால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. மூன்றாவதாகப் பொடியே இல்லாமல் சாயமும் வெளிச்சமும் மட்டும். இந்த மூன்று கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால்தான் வெளிச்சத்தால் கூடுதலாக என்ன நடந்தது என்று தெரியும். வேக மாறிலி கணக்கிடும்போதும், தொடக்கச் செறிவு என்பது இருட்டில் ஒட்டியது போக மிச்சம் இருந்த செறிவுதான், பாட்டிலில் இருந்து ஊற்றிய செறிவு அல்ல.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது, அதைச் செய்தால் உங்கள் ஆய்வறிக்கை பத்தோடு பதினொன்றாகப் போகாது. பொடியில் ஒட்டியிருக்கும் சாயத்தைத் திரும்ப எடுத்து அளக்க வேண்டும். லிட்டருக்குப் பத்து கிராம் சோடியம் கார்பனேட் கரைத்த நீரில் அந்தப் பொடியை ஓர் இரவு கலக்கினால், கார்பனேட் போய் உட்கார்ந்து சாயத்தின் பெரும்பகுதியை வெளியே தள்ளும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் பொடியையே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துவிடலாம், அடுக்கு ஹைட்ராக்சைடு அமிலத்தில் முழுவதுமாகக் கரையும், பிடித்து வைத்ததையெல்லாம் விட்டுவிடும். (காங்கோ ரெட் அமிலத்தில் நீலமாகிப் படிந்துவிடும் என்பதால் அதற்கு இந்த வழி தொல்லை. அமிலத்திலும் கரைந்தே நிற்கும் சாயங்களுக்கு நன்றாக வேலை செய்யும், அளவீட்டு வரைகோட்டை அதே அமிலத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.) போட்டது 20 மில்லிகிராம், நீரில் மிச்சம் 1, பொடியிலிருந்து திரும்ப வந்தது 17 என்றால், உடைந்திருக்கக் கூடியது அதிகபட்சம் 2 மில்லிகிராம். கூட்டிக் கழித்துப் பார்த்த இந்த எண் 95 சதவீதத்தைவிடச் சின்னதாக இருக்கும். ஆனால் அதை நம்பலாம்.

சரி, ஒளி பக்கம் போவோம். ஒளிவினையூக்கி வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரிந்ததே: பொருளின் இரு எலக்ட்ரான் பட்டைகளுக்கு நடுவே உள்ள ஆற்றல் இடைவெளியைவிட அதிக ஆற்றல் கொண்ட ஒளி பட்டால், இணைதிறன் பட்டையிலிருந்து எலக்ட்ரான் கடத்துப் பட்டைக்கு ஏறும், கீழே ஒரு துளை நிற்கும். எலக்ட்ரானை நீரில் கரைந்த ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு சூப்பராக்சைடு ஆகும், துளை தண்ணீரையோ ஹைட்ராக்சைடையோ ஆக்சிஜனேற்றி ஹைட்ராக்சில் ரேடிக்கலைத் தரும், சாயத்தை உடைப்பது பெரும்பாலும் இந்த ரேடிக்கல். 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டைஆக்சைடு மின்வாயில் ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டியதிலிருந்து இந்தத் துறை பெரிதாக வளர்ந்தது. டைட்டானியம் டைஆக்சைடின் அனாட்டேஸ் வடிவத்துக்கு இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட், 1240ஐ அதால் வகுத்தால் 388 நானோமீட்டர். அதாவது புற ஊதா வேண்டும், சூரிய ஒளியின் ஆற்றலில் புற ஊதா 5 சதவீதம் தேறினால் அதிகம்.

இப்போது உங்கள் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாக அயனியின் டி-கூடு முழுக்க நிரம்பியது, அலுமினியத்துக்கு டி-எலக்ட்ரானே கிடையாது, கார்பனேட்டும் நிறமற்றது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதற்கு அதில் எதுவுமே இல்லை, வெள்ளையாக இருப்பதே அதற்குச் சாட்சி. பிறகு எப்படி இத்தனை கட்டுரைகளில் துத்தநாக-அலுமினிய ஹைட்ராக்சைடு ஒளிவினையூக்கி ஆகிறது? பல நேரங்களில் வேலை செய்வது அதனோடு சேர்ந்து வந்த துத்தநாக ஆக்சைடுதான். வீழ்படிவாக்கும்போது பிஎச் கொஞ்சம் கூடினாலோ, அதிகச் சூட்டில் முதிரவைத்தாலோ துத்தநாக ஆக்சைடு கூடவே வந்துவிடும். உங்கள் எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் அளவீடு) 11.6 டிகிரி பக்கம் வரும் கூர்மையான முதல் சிகரத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், 31.8 டிகிரியிலும் 36.3 டிகிரியிலும் சின்னச் சிகரங்கள் தலைகாட்டுகின்றனவா என்று பாருங்கள். காட்டினால் அது துத்தநாக ஆக்சைடு. அந்த முதல் சிகரத்துக்கும் ஒரு பயன் உண்டு: 11.6 டிகிரி என்றால் அடுக்கு இடைவெளி ஏறத்தாழ 7.6 ஆங்ஸ்ட்ராம், நடுவில் கார்பனேட் இருக்கிறது என்று பொருள். நைட்ரேட் உப்புகளிலிருந்து தயாரித்ததால் நடுவில் நைட்ரேட் என்று நினைத்திருப்பீர்கள். நைட்ரேட் வடிவம் என்றால் இடைவெளி 8.8 ஆங்ஸ்ட்ராம் பக்கம் இருக்க வேண்டும், சிகரம் 10 டிகிரிக்கு இறங்கும். திறந்த பீக்கரில் செய்தால் காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடே கார்பனேட்டாகி உள்ளே புகுந்துவிடும், தடுக்க வேண்டுமென்றால் கொதிக்கவைத்து ஆறிய நீரும் நைட்ரஜன் ஓட்டமும் தேவை.

சிலர் இந்தப் பொடியை 400-500 டிகிரியில் சுட்டு எடுக்கிறார்கள். சுட்டால் அடுக்கு உடைந்து, தண்ணீரும் கார்பனேட்டும் வெளியேறி, அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்சைடு கிடைக்கும், அது புற ஊதாவில் நன்றாகவே வேலை செய்யும். தவறில்லை, ஆனால் அப்போது அதை அடுக்கு ஹைட்ராக்சைடு ஒளிவினையூக்கி என்று அழைப்பது சரியில்லை, அதிலிருந்து பிறந்த ஆக்சைடு என்றே சொல்ல வேண்டும். சுட்ட பொடியைத் தண்ணீரில் போட்டால் பழைய அடுக்கு வடிவத்துக்குத் திரும்பும் குணமும் இந்தக் குடும்பத்துக்கு உண்டு. மெக்னீசியம்-அலுமினியத்தில் வலுவாகவும், துத்தநாகம்-அலுமினியத்தில் பலவீனமாகவும் இருக்கும். திரும்பும்போது அக்கம்பக்கத்தில் இருக்கும் எதிர்மின் அயனிகளை உள்ளே இழுத்துக்கொண்டு ஹைட்ராக்சைடை வெளியே விடும், நீரின் பிஎச் ஏறும். சாயத்தையும் அப்படித்தான் இழுக்கும். சுட்ட பொடி வேகமாக நிறம் நீக்குகிறது என்பதற்கு முதல் காரணமாக இதைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஒளியை அதற்கு அப்புறம்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அடுக்கு ஹைட்ராக்சைடு தானே வேலை செய்யாதா என்றால், செய்யும், உலோகத்தைச் சரியாகத் தேர்ந்தால். 2009இல் ஸ்பெயினின் வலென்சியாவில் ஹெர்மெனெகில்டோ கார்சியாவின் குழு, துத்தநாகத்தோடு டைட்டானியம், சீரியம், குரோமியம் சேர்த்த அடுக்கு ஹைட்ராக்சைடுகளைக் கொண்டு நீரிலிருந்து ஆக்சிஜன் எடுத்துக் காட்டியது. அதில் துத்தநாகம்-குரோமியம்தான் முன்னால் நின்றது, 410 நானோமீட்டரில் 60.9 சதவீதக் குவாண்டம் விளைச்சல் (ஒளித்துகள்களில் வேலைக்கு வந்த பங்கு). குரோமியத்துக்கு 410லும் 570லும் உறிஞ்சும் பட்டைகள் இருப்பதால் பொடியே ஊதா கலந்த நிறத்தில் இருக்கும். அங்கே எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள வெள்ளி அயனியைத் தியாகப் பொருளாகப் போட்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது, அந்த எண்ணைச் சாயச் சோதனைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு வர முடியாது. தவிர, குடிக்கவும் பாசனத்துக்கும் போகக்கூடிய தண்ணீரில் குரோமியம் கலந்த பொடியைப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடுக்கில் இருப்பது நச்சு குறைந்த மூன்றாம் நிலைக் குரோமியம்தான், ஆனால் வலுவான ஆக்சிஜனேற்றிகளை உருவாக்குவதற்காகவே வைத்திருக்கும் பொருளில் அது ஆறாம் நிலைக்கு ஏறாது என்று எப்படி நம்புவது? நம் நாட்டில் ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரில் ஆறாம் நிலைக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். நீங்கள் துத்தநாகம்-இரும்பு, துத்தநாகம்-டைட்டானியம் பக்கம் போங்கள், அல்லது இப்போது கையில் இருப்பதையே கிராஃபைட் வகைக் கார்பன் நைட்ரைடோடு சேர்த்துப் பாருங்கள். அதன் இடைவெளி 2.7 எலக்ட்ரான் வோல்ட், 460 நானோமீட்டர் வரை உறிஞ்சும், யூரியாவையோ மெலமைனையோ மூடிய மூசையில் வைத்து 550 டிகிரியில் சுட்டாலே கிடைக்கும்.

இனி சாயத்தைத் தேர்வது. காங்கோ ரெட் மலிவு, லேபில் இருக்கும், அதனால் எல்லோரும் எடுக்கிறோம். ஆனால் அது பென்சிடினிலிருந்து வரும் சாயம். பென்சிடின் மனிதர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள், இந்த வகைச் சாயங்களுக்கு இந்தியாவில் 1990களிலேயே தடை வந்துவிட்டது. திருப்பூரில் பின்னலாடைக்குப் போடும் சாயம் அது அல்ல. மெத்திலீன் புளூவும் வேண்டாம்: அது நேர்மின் சாயம், நேர்மின்னூட்டம் கொண்ட அடுக்கில் ஒட்டாது என்பது ஒரு வசதிதான், ஆனால் தானே ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை வினையூக்கிக்குக் கொடுத்துத் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும், எலக்ட்ரான் வாங்கினாலோ நிறமற்ற வடிவத்துக்குப் போய்க் காற்று பட்டதும் மறுபடி நீலமாகிவிடும். ரோடமின் பி-யும் ஏமாற்றும், அதன் எத்தில் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று சிகரம் 554லிருந்து 500 நானோமீட்டர் பக்கம் நகரும், 554ஐ மட்டும் அளப்பவருக்குப் பாதி மூலக்கூறு அப்படியே இருப்பது தெரியாது. மெத்தில் ஆரஞ்சோ பிஎச் காட்டியாகவே பயன்படுவது, அமிலப் பக்கம் பிஎச் இறங்கினாலே நிறமும் சிகரமும் நகர்ந்துவிடும்.

ரியாக்டிவ் பிளாக் 5 எடுங்கள். பருத்தித் துணிக்குக் கறுப்புப் போடுவதற்கு உண்மையாகவே பயன்படும் சாயம், நிறம் தரும் இரண்டு அசோ (நைட்ரஜன்-நைட்ரஜன்) பிணைப்புகள், நான்கு எதிர்மின்னூட்டக் குழுக்கள், சிகரம் 597 நானோமீட்டரில். 310 நானோமீட்டர் பக்கம் பென்சீன், நாஃப்தலீன் வளையங்களுக்கான இன்னொரு பட்டை இருக்கிறது. 597 போய்விட்டு 310 அப்படியே நின்றால் அசோ பிணைப்பு மட்டும்தான் அறுந்திருக்கிறது, வளையங்கள் நீரிலேயே மிதக்கின்றன. இதில் பலர் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. பட்டறையில் சாயத்தொட்டி 60 டிகிரியில், சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்டு பிஎச் 11 பக்கம் ஓடுகிறது. துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய சாயத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து, பிடிக்கும் திறனை இழந்துவிடும். கழிவில் வருவது அந்த நீராற்பகுப்பான வடிவம். அதனால் கடையில் வாங்கிய சாயத்தை அப்படியே கரைக்காமல், காரத்தில் சூடாக்கி, ஆறவைத்து, நடுநிலையாக்கிச் சோதனைக்கு எடுங்கள். சின்ன வேலை, ஆனால் சாயத்தொழிலில் இருக்கும் யார் படித்தாலும் உங்கள் வேலையை மதிப்பார்கள்.

எந்த ரேடிக்கல் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க, தடுப்பான், அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் பொருள், போடும் சோதனை செய்வீர்கள். இங்கே அடுக்குப் பொருளுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. துளையைப் பிடிக்க அம்மோனியம் ஆக்சலேட்டோ ஈடிடிஏ-வோ போடச் சொல்லி எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். இரண்டும் எதிர்மின் அயனிகள். போட்டதும் அடுக்கில் போய் உட்கார்ந்து, சாயத்தை ஒட்டவிடாமல் தள்ளிவிடும். நிறம் நீங்குவது குறையும், நீங்கள் துளைதான் முக்கியம் என்று எழுதிவிடுவீர்கள். ஹைட்ராக்சில் ரேடிக்கலைக் காட்ட டெரெஃப்தாலிக் அமிலம் போட்டு ஒளிர்வை அளப்பதிலும் இதே சிக்கல், டெரெஃப்தாலேட் இந்த அடுக்குகளுக்குள் அழகாகப் புகுந்துகொள்ளும் என்பது பழைய செய்தி. மின்னூட்டம் இல்லாதவற்றை எடுங்கள்: ஹைட்ராக்சிலைப் பிடிக்க டெர்ட்-பியூட்டனால், காட்ட கௌமரின். கௌமரின் ஹைட்ராக்சிலோடு சேர்ந்து ஒளிரும் பொருளாக மாறும், ஃப்ளோரிமீட்டரில் பார்த்துவிடலாம். எந்தத் தடுப்பானைப் போட்டாலும் அதே தடுப்பானோடு ஓர் இருட்டுச் சோதனையும் ஓட்டுங்கள்.

மொத்தக் கரிமக் கார்பன் அளந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று உங்கள் வழிகாட்டி சொல்லக்கூடும். சொல்வது சரிதான், ஆனால் வடிகட்டிய நீரில் மட்டும் அளந்தால் போதாது. சாயம் முழுசாகப் பொடியில் ஒட்டிக்கொண்டாலும் நீரில் கரிமக் கார்பன் குறையத்தானே செய்யும்? உடைந்து வரும் சின்னச் சின்ன அமிலங்கள், ஆக்சலேட், அசிடேட், கந்தகம் உடைந்து வரும் சல்ஃபேட், இவையும் எதிர்மின் அயனிகள்தான், அவையும் அடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் பொடியோடு சேர்த்துக் கலவையை அமிலமாக்கி, பொடி கரைந்து, கார்பனேட் கார்பன் டைஆக்சைடாக வெளியேறிய பிறகு, மிச்சமிருக்கும் கரிமக் கார்பனை அளக்க வேண்டும். அதுவும் குறைந்திருந்தால் சாயம் உண்மையாகவே எரிந்து போயிருக்கிறது. அப்போது தைரியமாகச் சொல்லுங்கள்.

இப்போது திருப்பூர். நொய்யல் ஆற்றுக்கு என்ன நடந்தது என்று கொங்குப் பகுதியில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் இடமாகிப்போனது, விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. துளிக் கழிவும் வெளியே விடாத முறைக்கு வந்தவர்கள்தான் மறுபடி திறக்க முடிந்தது. இதில் நம்மைப் போன்ற வேதியியல்காரர்கள் ஒன்றைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். ஆற்றில் ஓடிய நிறம் கண்ணை உறுத்தியது உண்மை, ஆனால் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு லிட்டருக்கு 40, 60, அடர்நிறம் என்றால் 80 கிராம் வரை சோடியம் சல்ஃபேட்டோ சாதா உப்போ போடுகிறார்கள். உலகத்தின் எந்த ஒளிவினையூக்கியும் சோடியத்தையோ குளோரைடையோ உடைக்காது, உடைக்க அதில் எதுவும் இல்லை. அதனால்தான் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வும் நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் வந்தன, அவற்றுக்குத்தான் பணமும் மின்சாரமும் விறகும் கரைகின்றன. சாய நிறத்தை நீக்கும் பொடி ஒன்று அந்தச் செலவை மாற்றிவிடாது.

உப்பு இன்னொரு வழியிலும் நமக்கு எதிரி. இந்த அடுக்குகள் எந்த அயனியை அதிகம் விரும்பும் என்று ஒரு வரிசை உண்டு: கார்பனேட் முதலில், அடுத்தது சல்ஃபேட், குளோரைடு பின்னால், நைட்ரேட் இன்னும் பின்னால். சாயத்தொட்டியில் இருப்பது என்ன? சோடா ஆஷ், அதாவது கார்பனேட். சோடியம் சல்ஃபேட். பிடித்தமான இரண்டும் கிராம் கணக்கில். லிட்டருக்கு 50 கிராம் சோடியம் சல்ஃபேட் என்றால் 700 மில்லிசமான எடை, உங்கள் ஒரு கிராம் பொடியின் கொள்ளளவு 3. சாயத்துக்கு எங்கே இடம் கிடைக்கும்? ஒளி பக்கமும் இதே கதைதான், கார்பனேட் அயனி ஹைட்ராக்சில் ரேடிக்கலோடு வேகமாக வினைபுரிந்து அதைத் தின்றுவிடும், வருகிற கார்பனேட் ரேடிக்கல் அதைவிடச் சோம்பல். போதாததற்கு அந்த நீரின் நிறம் இருக்கிறதே, ஒரு சென்டிமீட்டருக்கு உறிஞ்சு திறன் 3 என்றால், ஒரு சென்டிமீட்டர் ஆழத்தைத் தாண்டி ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் போகும். தொட்டியின் அடியில் கிடக்கும் பொடிக்கு அது நள்ளிரவு.

பிறகு ஏன் அலசல் தண்ணீர் என்றேன்? சாயம் ஏற்றி முடித்ததும் துணியை ஒரு தடவையல்ல, பல தடவை அலசுகிறார்கள், சோப்பு போட்டு ஒரு கொதி, மறுபடி அலசல். முதல் தொட்டியில் உப்பும் காரமும் சாயமும் எல்லாம் இருக்கும். கடைசி ஒன்றிரண்டு அலசல்களில் உப்பு வெகுவாகக் குறைந்திருக்கும், காரமும் குறைவு, சாயமும் லேசான நிறமாகத்தான் தெரியும், ஆனால் தண்ணீரின் அளவு அதிகம். எதிர்மின் சாயம் கொஞ்சம், போட்டியாளர்கள் குறைவு, ஒளி ஊடுருவும் தெளிவு என்று அடுக்கு ஹைட்ராக்சைடுக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் சேர்ந்து கிடக்கிறது. அதைத் தனிக் குழாயில் பிரித்து, நிறம் நீக்கி, முதல் அலசலுக்கே திருப்பிவிட முடிந்தால், ஆர்.ஓ.வுக்குப் போகும் தண்ணீரின் அளவு குறையும். பட்டறைக்காரருக்கு அது புரியும் கணக்கு.

அங்கேயும் விளக்கு வைத்து ஓட்டுவதைப் பற்றி நினைக்காதீர்கள். லேபில் 300 வாட் விளக்கை 100 மில்லிலிட்டருக்கு இரண்டு மணி நேரம் எரித்தால் 0.6 யூனிட் ஆகிறது. ஆயிரம் லிட்டருக்கு அதைப் பெருக்கினால் 6,000 யூனிட். பெரிய அளவில் செய்யும்போது இது குறையும்தான், பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் 600, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பொடியின் இரண்டு குணங்களையும் பிரித்துப் பயன்படுத்துவேன். தண்ணீர் முழுவதையும் இருட்டிலேயே பொடி நிரப்பிய படுகையின் வழியாக ஓடவிடுவேன், சாயம் பொடியில் ஒட்டட்டும். படுகை நிரம்பியதும் பொடியை மட்டும் எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் மெல்லிய படலமாகப் பரப்பி, வெயிலில் வைத்து, ஒட்டிய சாயத்தை நிதானமாக உடைப்பேன். ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் போகாது, சாயம் அந்தப் பரப்பிலேயே உட்கார்ந்திருப்பது அப்போது நமக்குச் சாதகம். ஆயிரம் லிட்டரை வெயிலில் காட்டுவதற்குப் பதில் சில லிட்டர்களைக் காட்டினால் போதும். உங்கள் துத்தநாக-அலுமினியப் பொடியில் கார்பன் நைட்ரைடு கலந்திருந்தால், புற ஊதாவோடு நீல ஒளியும் சேர்ந்து வேலை செய்யும்.

இதில் நடக்கக்கூடிய கோளாறு எதுவென்றும் சொல்லிவிடுகிறேன். அடுக்குக்கு உள்ளே ஆழமாகப் போன சாயத்தை ரேடிக்கல் எட்டாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உள்ளேயே தங்கி, மூன்றாவது நான்காவது சுற்றில் பொடி நிறம் ஏறிச் சோர்ந்துவிடும். காற்றில் இருக்கும் கார்பன் டைஆக்சைடு வேறு மெல்ல மெல்ல இடத்தைப் பிடிக்கும். அதனால் மறுபயன்பாட்டுச் சோதனையில் நிறம் எத்தனை சதவீதம் போனது என்று மட்டும் எழுதாமல், ஒவ்வொரு சுற்று முடிவிலும் கொஞ்சம் பொடியைக் கரைத்து, உள்ளே எவ்வளவு சாயம் தங்கியிருக்கிறது என்று அளந்து போடுங்கள். அந்த எண் சுற்றுக்குச் சுற்று ஏறாமல் நின்றால்தான் வெயில் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

கடைசியாகத் துத்தநாகம். பிஎச் 6க்குக் கீழே போனால் உங்கள் பொடி கரைய ஆரம்பிக்கும், அதிகக் காரத்திலும் துத்தநாகமும் அலுமினியமும் கரையும், ஆக 7 முதல் 9 வரைதான் பாதுகாப்பான இடம். ஒவ்வொரு சோதனைக்கும் தொடக்க பிஎச்சும் முடிவு பிஎச்சும் எழுதி வையுங்கள், வடிகட்டிய நீரில் துத்தநாகம் எவ்வளவு என்று உலோகத்தை அளக்கும் கருவிகளான ஏஏஎஸ்-இலோ ஐசிபி-யிலோ பார்த்துவிடுங்கள். ஆறு, ஏரிகளில் விடுவதற்கு வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம், உங்களுடையது அதற்கு வெகு கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றி வரப்போகிறது. முதலில் அந்த இருட்டுப் பீக்கரை ஓட்டிவிட்டு, வடிதாளில் காய்ந்த பொடியின் நிறம் என்ன என்று இங்கேயே எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்து எந்தச் சாயச் செறிவில் போகலாம் என்று சொல்கிறேன்.